மண்டியில் கிடந்த நங்கூரம்

மனிதனின் 14ஆம் குரோமோசோமில் ஏகேஏபி5 என்றொரு மரபணு இருக்கிறது. அதைப் படித்துச் செல் கட்டும் புரதத்தில் 427 அமினோ அமிலங்கள்; பெரிய புரதம் என்று சொல்ல முடியாது. வேலை என்று பார்த்தால் இன்னும் ஏமாற்றம். எதையும் வெட்டாது, சேர்க்காது, எந்த வேதிவினையையும் தானாக நடத்தாது. செல் சவ்வின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு, வேலை தெரிந்த வேறு சில நொதிகளைத் தன்மேல் கட்டி வைத்திருக்கும். அவ்வளவுதான். இந்த வகைப் புரதங்களுக்கு நங்கூரப் புரதங்கள் என்று பெயர்.

இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே உயிர்வேதியியலுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தத் துறையில் முதல் காரியமே செல்லை உடைப்பதுதான். ஈரலோ மூளையோ, துண்டு போட்டு அரைத்து, வேகமாகச் சுழற்றுவார்கள். மேலே தெளிவு நிற்கும், அடியில் மண்டி தங்கும். தெளிவை எடுத்துக்கொண்டு மண்டியைக் கொட்டிவிடுவார்கள். நங்கூரங்கள் பெரும்பாலும் அந்த மண்டியில்தான் இருந்தன.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையின் முதல் பெரிய சோதனையிலேயே மண்டிதான் வழி காட்டியது. 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லாண்ட் அட்ரினலினைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். பயத்திலோ கோபத்திலோ அட்ரினலின் சுரந்தால் ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை உடைத்து இரத்தத்தில் சர்க்கரையை விடும். இது முன்பே தெரியும். எப்படி என்பதுதான் தெரியாது. ஹார்மோன்கள் முழுச் செல்லின் மீதுதான் வேலை செய்யும், செல்லை உடைத்துவிட்டால் ஒன்றும் நடக்காது என்பது அன்றைய நம்பிக்கை. சதர்லாண்டும் அவருடைய சகா தியோடர் ராலும் ஈரலை அரைத்தார்கள், அட்ரினலினை ஊற்றினார்கள். கிளைக்கோஜனை உடைக்கும் நொதி விழித்துக்கொண்டது. நம்பிக்கை அங்கேயே போயிற்று.

அடுத்து அரைத்ததைச் சுழற்றிப் பார்த்தார்கள். மேலே நின்ற தெளிவில் அட்ரினலினை விட்டால் அசைவே இல்லை. மண்டியைத் திரும்பச் சேர்த்தால் வேலை நடக்கிறது. பிறகு மண்டியில் மட்டும் அட்ரினலினை விட்டு, அதிலிருந்து வந்த சாற்றைக் கொதிக்க வைத்துத் தெளிவில் ஊற்றினார்கள். அப்போதும் நொதி விழித்தது. கொதித்தும் கெடாத பொருள் என்றால் அது புரதமாக இருக்க வாய்ப்பில்லை. ஏதோ ஒரு சிறு மூலக்கூறு. ஹார்மோன் செல்லின் வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே செய்தி கொண்டு போவது இந்தச் சிறு மூலக்கூறு என்று 1957இல் எழுதினார்கள்.

அது என்ன மூலக்கூறு என்று தெரிந்த விதத்தை அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு கதையாகவே சொல்வார்கள். சதர்லாண்ட், நொதிகளில் கைதேர்ந்த லியான் ஹெப்பலுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஏறத்தாழ அதே சமயம் செயின்ட் லூயிஸில் டேவிட் லிப்கின் என்ற வேதியியலர், ஏடிபி என்ற மூலக்கூறைப் பேரியம் ஹைட்ராக்சைடில் போட்டபோது கிடைத்த ஒரு விசித்திரப் பொருளைப் பற்றி அதே ஹெப்பலுக்கு எழுதினார். ஹெப்பலுக்குக் கடிதங்களை மேசையில் குவியவிட்டு, மேலே பழுப்புத் தாளை விரித்து, அதன்மேல் அடுத்த குவியலைச் சேர்க்கும் வழக்கம். ஒருநாள் மேசையை ஒழித்தபோது இரண்டு கடிதங்களும் கண்ணில் பட்டன. இருவரும் ஒரே பொருளைத்தான் வர்ணிக்கிறார்கள் என்று அவருக்குப் பிடிபட்டது. சைக்ளிக் ஏஎம்பி. மேசையை ஒழுங்காக வைத்துக்கொள்பவர்கள் இந்தக் கதையை அவ்வளவாக ரசிப்பதில்லை.

1971இல் சதர்லாண்டுக்கு நோபல் கிடைத்தது. அதற்குள் சைக்ளிக் ஏஎம்பி எங்கு பார்த்தாலும் இருந்தது. அட்ரினலின், குளுககான், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன் என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வேலை செய்பவை எல்லாம் செல்லுக்குள் இந்த ஒரே மூலக்கூறைத்தான் கூட்டின. அது எழுப்பிவிடும் நொதியும் 1968இல் சிக்கியது. டொனால் வால்ஷ், ஜான் பெர்கின்ஸ், எட்வின் கிரெப்ஸ் மூவரும் முயல் தசையிலிருந்து பிரித்தெடுத்த அதற்குப் புரத கைனேஸ் ஏ என்று பெயர், சுருக்கமாகப் பிகேஏ. மற்றப் புரதங்கள் மீது பாஸ்பேட் ஒட்டி அவற்றின் நடத்தையை மாற்றுவது இதன் தொழில். அடுத்த ஆண்டே குவோவும் பால் கிரீன்கார்டும், சைக்ளிக் ஏஎம்பியின் செயல்கள் எல்லாமே இந்த நொதி வழியாகத்தான் நடக்கலாம் என்று எழுதினார்கள்.

கிரெப்ஸ் பற்றி இங்கே ஒரு சிறு விலகல் தேவைப்படுகிறது. 1950களில் சியாட்டிலில் அவரும் எட்மண்ட் ஃபிஷரும் தசைச் சாற்றிலிருந்து ஒரு நொதியை அதன் வீரியமான வடிவில் எடுக்க முயன்றபோது, முன்னோடிகளின் ஆய்வகத்தில் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வித்தியாசம் வடிதாளில் இருந்தது. அவர்கள் சாற்றை வடிதாளில் வடித்திருந்தார்கள், இவர்கள் சுழற்றித் தெளிய வைத்தார்கள். வடிதாளிலிருந்து கசிந்த கால்சியம்தான் அந்த நொதியை மாற்றும் வினையைத் தொடங்கி வைத்திருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்த்தான், பாஸ்பேட்டை ஒட்டுவதும் எடுப்பதும் ஒரு புரதத்தின் விசை என்பதைக் கண்டார்கள். இதற்குப் பரிசு வர 1992 ஆயிற்று. ஆக, இந்தத் துறையில் அழுக்கு உதவியது அதுவே முதல் தடவை அல்ல, கடைசியும் அல்ல.

பிகேஏ நான்கு துண்டுகளால் ஆனது. வேலை செய்யும் வினையூக்கி அலகுகள் இரண்டு; அவற்றை அடக்கி வைக்கும் கட்டுப்பாட்டு அலகுகள் இரண்டு. ஒவ்வொரு கட்டுப்பாட்டு அலகும் இரண்டு சைக்ளிக் ஏஎம்பியைப் பிடித்ததும் பிடி தளர்கிறது, வினையூக்கி அலகு விடுபடுகிறது. பாடநூல் படம் இதோடு முடிந்துவிடும். படத்தைப் பார்த்த எவருக்கும் வரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சைக்ளிக் ஏஎம்பி சின்ன மூலக்கூறு, நீரில் கரையும். செல்லுக்குள் எங்கே பிறந்தாலும் நொடியில் எங்கும் பரவலாம். விடுபட்ட நொதியோ பலநூறு புரதங்கள் மீது பாஸ்பேட் ஒட்ட வல்லது. அப்படியானால் ஒரு ஹார்மோன் சொன்னதும் இன்னொரு ஹார்மோன் சொன்னதும் செல்லுக்கு எப்படி வேறு வேறாகக் கேட்கிறது? குறிப்பிட்ட செய்தி எல்லாம் ஆற்றில் கரைத்த புளியாகத்தானே போயிருக்க வேண்டும்?

கேள்வியைச் சோதனையாக்கியது இதயம். 1970களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் லாரன்ஸ் பிரண்டன், ஸ்டீவன் மேயர் குழுவினர் இதயத் தசையில் இரண்டு மருந்துகளை விட்டுப் பார்த்தார்கள். ஒன்று அட்ரினலினின் உறவுக்காரனான ஐசோபுரோட்டெரினால். மற்றது புரோஸ்டாகிளாண்டின் ஈ1. இரண்டுமே சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டின. இரண்டுமே பிகேஏவை எழுப்பின. ஆனால் ஐசோபுரோட்டெரினால் விட்டபோது மட்டும்தான் இதயம் பலமாகச் சுருங்கியது. மற்றதில் அளவு கூடியதே தவிரத் தசை கண்டுகொள்ளவே இல்லை.

அரைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பெரும்பாலானோர் தெளிவை மட்டும் அளந்த காலத்தில் இவர்கள் மண்டியையும் அளந்தார்கள். ஐசோபுரோட்டெரினால் தெளிவில் இருந்த பிகேஏவோடு மண்டியில் இருந்த பிகேஏவையும் எழுப்பியிருந்தது. புரோஸ்டாகிளாண்டின் தெளிவில் இருந்ததை மட்டும். எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்று முதன்முதலாகத் தரவோடு சொன்ன ஆய்வுகள் இவை. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உண்மையான திருப்பம் இதுதான். மரபணு கிடைத்தது அதன் பின்விளைவு. அன்று இதை நம்பியவர்கள் அதிகம் இல்லை. சுவரே இல்லாத ஒரு திரவத்துக்குள் அறைகள் இருக்கின்றன என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

அறை இருக்கிறதென்றால் பிகேஏவை அங்கே பிடித்து வைப்பது ஏதாவது இருக்க வேண்டும். அது பலருடைய கண்ணெதிரே இருந்தது.

பிகேஏவின் கட்டுப்பாட்டு அலகைச் சுத்தமாகப் பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சைக்ளிக் ஏஎம்பியைச் சிறு மணிகளில் பிணைத்து ஒரு குழாயில் நிரப்பி, மூளைச் சாற்றை அதன் வழியே விடுவார்கள். கட்டுப்பாட்டு அலகு மணிகளைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும். நன்றாகக் கழுவி, கடைசியில் சைக்ளிக் ஏஎம்பி கரைசலையே ஊற்றிப் பிடித்ததை விடுவிப்பார்கள். எடுத்ததை ஜெல்லில் ஓட்டிச் சாயமேற்றினால் ஒரே பட்டை தெரிய வேண்டும். தெரிந்தது பல பட்டை. எத்தனை முறை கழுவினாலும் வேறு சில புரதங்கள் விடாமல் கூடவே வந்தன. கலப்படம் என்று குறித்து வைத்தார்கள். ஒரு முதுகலை மாணவன் இதைக் கொண்டுவந்து காட்டினால் இன்றும், இன்னும் நன்றாகக் கழுவு என்றுதான் சொல்வார்கள். சொல்வதில் தப்பும் இல்லை. பெரும்பாலான நேரம் கலப்படம் கலப்படம்தான்.

1982இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வில்லியம் தியர்காஃபும் ரிச்சர்ட் வாலியும் இந்தக் கலப்படங்களில் ஒன்றுக்கு முகவரி கொடுத்தார்கள். அவர்கள் பிகேஏவைத் தேடிப் போனவர்கள் அல்லர். நுண்குழல்கள் என்று செல்லுக்குள் ஓடும் சட்டங்களோடு ஒட்டியிருக்கும் மேப்2 என்ற புரதத்தை ஆராய்ந்தார்கள். அதோடு பிகேஏ பிணைந்திருப்பதைக் கண்டார்கள். ஒட்டியிருந்தது தற்செயல் அல்ல, பிணைப்பு உண்மையானது. நங்கூரம் என்று சொல்லத்தக்க முதல் புரதம் இப்படி வேறொரு வீட்டில் கிடைத்தது.

இரண்டு ஆண்டு கழித்துச் சூசன் லோமன், உல்ரிக் வால்டர் முதலானோர் ஒரு எளிய உத்தியைப் பயன்படுத்தினார்கள். செல் புரதங்களை ஜெல்லில் பிரித்து நைட்ரோசெல்லுலோஸ் தாளுக்கு மாற்றுவார்கள். அந்தத் தாளின் மேல் கதிரியக்கப் பாஸ்பேட் ஏற்றிய கட்டுப்பாட்டு அலகை ஊற்றி ஊறவிட்டு, கழுவி, இருட்டில் எக்ஸ்ரே படத்தோடு சேர்த்து வைப்பார்கள். படத்தைக் கழுவினால், கட்டுப்பாட்டு அலகு எந்தெந்தப் புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டதோ அந்தந்த இடத்தில் கறுப்புப் பட்டை. ஒன்று இரண்டு இல்லை. திசுவுக்குத் திசு வேறு வேறு வரிசையில் நிறையப் பட்டைகள். பிகேஏவைப் பிடித்து வைக்கும் புரதங்கள் ஒரு கூட்டமாகவே இருக்கின்றன என்று அந்தப் படங்கள் சொல்லின. நியூயார்க்கில் சார்லஸ் ரூபின் குழுவும் அதே காலத்தில் மாட்டு மூளையில் ஜெல்லில் 75 என்ற எடை எண்ணுக்கு அருகே ஓடும் ஒரு புரதத்தைக் கண்டு துரத்திக்கொண்டிருந்தது.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஜெல்லில் ஓட்டும் முன் புரதங்களைச் சோப்பு போன்ற ஒரு பொருளில் காய்ச்சுவார்கள். அவற்றின் மடிப்பெல்லாம் குலைந்து நீண்ட இழையாகிவிடும். பொதுவாகப் புரதத்தின் வேலை அதன் மடிப்பில் இருக்கிறது. மடிப்புப் போனால் பிடிப்பும் போகும். இவையோ காய்ச்சிய பிறகும் பிகேஏவைப் பிடித்தன. அப்படியானால் பிடிக்கும் பகுதி மிகச் சிறியதாக, மடிப்புக் குலைந்தாலும் தானே மீண்டும் உருவாகக்கூடியதாக இருக்க வேண்டும்.

அது என்ன என்று காட்டியவர்கள் ஆரகன் மாநிலம் போர்ட்லாந்தில் வோலம் நிறுவனத்தில் இருந்த டேனியல் காரும் ஜான் ஸ்காட்டும். ஸ்காட் ஸ்காட்லாந்துக்காரர், அபர்டீனில் படித்துவிட்டு சியாட்டிலில் கிரெப்ஸிடம் பழகியவர். 1991இல் அவர்கள் சொன்னது: நங்கூரப் புரதங்களின் பொது அடையாளம் ஒரு சிறு சுருள். சுருளின் ஒரு பக்கம் எண்ணெய்த்தன்மை, மறுபக்கம் நீர்விருப்பம். எண்ணெய்ப் பக்கம் இரண்டு கட்டுப்பாட்டு அலகுகள் சேர்ந்து அமைக்கும் பள்ளத்தில் படிந்துகொள்கிறது. இந்தச் சுருளுக்கு வெளியே நங்கூரப் புரதங்களுக்குள் ஒற்றுமை தேடினால் கிடைப்பது அபூர்வம். சாதியும் குலமும் வேறு, கைப்பிடி மட்டும் ஒன்று. அதனால்தான் வரிசையை ஒப்பிட்டு இவற்றை ஒரு குடும்பம் என்று யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பிகேஏவைக் கொண்டு தொட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

மனிதத் தைராய்டின் மரபணு நூலகத்தில் தொட்டுப் பார்த்தபோது கிடைத்த ஒன்றுக்கு ஹெச்டி31 என்று பெயர் வைத்தார்கள். அதன் சுருள் பகுதியை மட்டும் 24 அமினோ அமிலம் நீளத்தில் தனியே செய்தார்கள். இந்தத் துண்டு பின்னால் பெரிய ஆயுதமாயிற்று. செல்லுக்குள் விட்டால் அது பிகேஏவின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து, உண்மையான நங்கூரத்தை வெளியே தள்ளிவிடும். நொதிக்கு ஒரு குறையும் வராது. இருக்குமிடம் மட்டும் போய்விடும். ஒப்பீட்டுக்காக, சுருளை உடைக்கும் புரோலினை நடுவில் வைத்து இன்னொரு துண்டும் செய்தார்கள். அது எதையும் தள்ளாது.

1992இல் ஏகேஏபி5இன் முறை வந்தது. மூளைப் புறணியில் அதிகம் காணப்படும், நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடத்தின் பெறும் பக்கத்தில் குவிந்திருக்கும் ஒரு நங்கூரத்தை காரும் ஸ்காட்டும் அவர்கள் குழுவினரும் விவரித்தார்கள். கிரெப்ஸுக்கு நோபல் அறிவித்த அதே ஆண்டு. புரதத்துக்கு ஏகேஏபி79 என்று பெயர். ஜெல்லில் அது 79 என்ற எடை எண்ணுக்கு அருகே ஓடியதால் அந்தப் பெயர். ஆனால் மரபணுவைப் படித்துக் கணக்குப் போட்டால் எடை 47 அருகில்தான் வருகிறது. அமிலத்தன்மை மிகுந்த, ஒழுங்கான மடிப்பில்லாத புரதங்கள் ஜெல்லில் இப்படித் தயங்கி ஓடும், எடையைப் பெரிதாகக் காட்டும். ரூபினின் மாட்டுப் புரதம் இதே மரபணுவின் மாட்டு வடிவம், அது 75. எலியில் இதுவே நடுவே கூடுதல் நீளத்தோடு 150 ஆயிற்று. ஆகவே கட்டுரைகளில் 75, 79, 150 என்று மூன்று பெயர்களில் ஒரே ஆள் உலவுகிறான். புதிதாக வருபவர்களைக் குழப்பவென்றே செய்தது போலிருக்கும். பிறகு மரபணுக்களுக்கு வரிசை எண் கொடுத்தபோது மனித வடிவம் ஏகேஏபி5 ஆயிற்று.

ஜெல்லில் பட்டையைக் காட்டுவது ஒன்று, உயிருள்ள செல்லில் அது தேவை என்று காட்டுவது வேறு. 1994இல் அதே வோலம் நிறுவனத்தில் கிறிஸ்டியன் ரோசன்மண்ட், கேரி வெஸ்ட்புரூக், ஸ்காட் முதலானோர் அதைச் செய்தார்கள். நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியின் நரம்புச் செல்லில் மெல்லிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, செல்லுக்குள் பாயும் மின்னோட்டத்தை அளந்தார்கள். அதே குழாய் வழியாக ஹெச்டி31 துண்டையும் உள்ளே விட்டார்கள். குளுட்டமேட் ஏற்பிகள் வழியாக வரும் மின்னோட்டம் மெல்லச் சரிந்தது. பிகேஏவையே முடக்கும் மருந்து விட்டால் எப்படிச் சரியுமோ அப்படி. புரோலின் வைத்த துண்டை விட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. நொதி செல்லுக்குள் முழு வீரியத்தோடு இருக்கிறது, ஏற்பியின் பக்கத்தில் இல்லை என்பதே அதன் குற்றம். பிரண்டன் குழு மண்டியை அளந்து ஊகித்தது இங்கே நேரடியாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு விஷயம் எதிர்பாராத பக்கம் போயிற்று. ஏகேஏபி79 பிகேஏவை மட்டும் பிடிக்கவில்லை. கால்சினியூரின் என்ற நொதியையும் பிடிக்கிறது என்று 1995இல் தெரிந்தது. கால்சினியூரின் செய்வது பிகேஏவுக்கு நேர் எதிர் வேலை: ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்தெடுப்பது. 1996இல் மூன்றாவதாகப் புரத கைனேஸ் சி வந்து சேர்ந்தது. பிகேஏ சைக்ளிக் ஏஎம்பிக்குப் பணியும், கால்சினியூரின் கால்சியத்துக்கு, புரத கைனேஸ் சி கால்சியத்துக்கும் சவ்வுக் கொழுப்புகளுக்கும். மூன்றும் ஒரே 427 அமினோ அமில இழையின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பிடித்துவைத்த நிலையில் கால்சினியூரினும் புரத கைனேஸ் சியும் அடங்கியே கிடக்கின்றன.

ஒட்டுபவனையும் பிய்ப்பவனையும் ஒரே இடத்தில் ஏன் கட்டிப்போட வேண்டும்? மூளைக்கு இது அவசியம். குளுட்டமேட் ஏற்பியின் ஒரு வகைத் துணை அலகில் 845ஆம் இடத்தில் ஒரு செரின் இருக்கிறது. அங்கே பிகேஏ பாஸ்பேட் ஒட்டினால் ஏற்பி சவ்வில் நிலைத்து நன்றாக வேலை செய்யும்; சந்திப்பு வலுவாக இருக்கும். மெதுவான, விட்டுவிட்டு வரும் தூண்டலில் கொஞ்சம் கால்சியம் உள்ளே கசியும். அது பக்கத்திலேயே இருக்கும் கால்சினியூரினை எழுப்பும், பாஸ்பேட் போய்விடும், ஏற்பி சவ்வைவிட்டு உள்ளே இழுக்கப்படும், சந்திப்பு தளரும். கற்பதற்கும் மறப்பதற்கும் கையாட்கள் இரண்டு பேரும் ஏற்பியின் அருகிலேயே நின்றால்தான் நொடிக் கணக்கில் முடிவு மாற முடியும். நங்கூரத்தை அந்த ஏற்பியோடு சேர்த்துக் கட்டும் இடைப்புரதங்களையும் 2000இல் கண்டுபிடித்தார்கள்.

சவ்வில் அது ஒட்டிக்கொள்ளும் விதமும் தெளிவாயிற்று. இழையின் முன்பகுதியில் நேர்மின்னேற்றம் கொண்ட மூன்று இடங்கள் இருக்கின்றன. அவை சவ்வின் எதிர்மின்னேற்றக் கொழுப்புகளைப் பற்றிக்கொள்கின்றன. இதற்கு மேல் ஒரு கொழுப்பு அமிலமும் சேர்ந்து பிடியை இறுக்குகிறது. நொதிகளுக்கு நங்கூரம் புரதம். நங்கூரத்துக்கு நங்கூரம் சவ்வு.

மூளையோடு வேலை நிற்கவில்லை. எலிகளில் இந்த மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்த ஆய்வுகள் 2008இல் வந்தன. நரம்புச் செயல்களில் கோளாறு எதிர்பார்த்ததுதான். இரத்த நாளத்துத் தசையில் கிடைத்தது எதிர்பாராதது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் தொடர்ந்து ஏறினால் சாதாரண எலிக்கு இரத்த அழுத்தம் ஏறும். இந்த நங்கூரம் இல்லாத எலி அதிலிருந்து தப்பியது. நாளத்துத் தசையின் கால்சியம் வாசல்களின் பக்கத்தில் புரத கைனேஸ் சியை நிறுத்தி வைத்தது இதே புரதம்தான்.

குடும்பம் பெருகிக்கொண்டே போனது. இப்போது ஏகேஏபி என்ற தலைப்பில் சுமார் 50 புரதங்களைச் சேர்க்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் ஒன்று, செல் கருவின் உறையில் ஒன்று, விந்தணுவின் வாலில் ஒன்று என்று செல்லில் பிகேஏ போய் நிற்காத இடம் குறைவு. ஒரு நங்கூரத்துக்கு, எண்ணெயில் பொரித்த சீனப் பண்டத்தின் பெயரைத் தழுவி யோட்டியாவ் என்று வைத்தார்கள். இதயத்தின் ஒரு பொட்டாசியம் வாசலருகே பிகேஏவை நிறுத்துவது அது. ஓடும்போது இதயம் வேகமாகத் துடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு துடிப்பின் மின் அலையும் சுருங்க வேண்டும். அந்த வாசலில் பாஸ்பேட் ஏறினால்தான் அது நடக்கும். 2007இல் யோட்டியாவின் மரபணுவில் ஒரே எழுத்து மாறி, 1570ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் லியூசின் வந்திருப்பதை, நீள் க்யூடி என்ற இதயத் துடிப்புக் கோளாறோடு தொடர்புபடுத்தினார்கள். பாடநூல்கள் இதை உடனே எடுத்துக்கொண்டன. 2020இல் அந்த நோயின் மரபணுக்கள் எல்லாவற்றையும் கறாராக மறுபரிசீலனை செய்தபோது, இதற்கான ஆதாரம் போதாது என்ற பட்டியலில் போட்டார்கள். வாசலருகே நங்கூரம் தேவை என்பது ஆய்வகத்தில் உறுதி. ஒரு குடும்பத்தின் நோய்க்கு அது மட்டுமே காரணம் என்று மருத்துவர் சீட்டில் எழுத அந்த உறுதி போதாது. இரண்டையும் குழப்பாமல் இருப்பது நல்லது.

சைக்ளிக் ஏஎம்பி பரவாமல் எப்படி நிற்கிறது என்ற பாதிக் கேள்வி மிச்சம் இருந்தது. பிகேஏவை நங்கூரமிட்டு வைத்தால் போதுமா? செய்தி எல்லா இடத்துக்கும் போய்விட்டால் எல்லா நங்கூரத்திலும் இருக்கும் பிகேஏவும் ஒருசேர விழிக்காதா? இத்தாலியின் பதுவாவில் மானுவேலா சக்கோலோவும் துல்லியோ போட்ஸனும் 2002இல் இதயத் தசைச் செல்லுக்குள் ஒளிரும் ஓர் உணரியை வைத்துச் செய்தியை நேரிலேயே பார்த்தார்கள். அட்ரினலின் வகைத் தூண்டலில் சைக்ளிக் ஏஎம்பி சில இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாக ஏறியது. அதை அழிக்கும் நொதிகளை முடக்கியதும் திட்டுகள் கலைந்து செல் முழுக்கப் பரவியது. இந்த அழிக்கும் நொதிகளில் சிலவற்றையும் நங்கூரப் புரதங்களே பிடித்து வைத்திருக்கின்றன என்பது அதற்கு முந்தைய ஆண்டே தெரிந்திருந்தது. செய்தியைக் கேட்பவனையும் செய்தியைத் துடைப்பவனையும் ஒரே தூணில் கட்டியிருக்கிறது செல்.

நங்கூரத்தைப் பிடுங்கும் மருந்து செய்ய முடியுமா என்ற முயற்சிகளும் நடக்கின்றன. பிகேஏவை உடம்பு முழுக்க முடக்கினால் விபரீதம். ஓரிடத்துப் பிகேஏவை மட்டும் நகர்த்தினால் பயன் உண்டு என்பது கணக்கு. ஹெச்டி31 துண்டு அதற்கு வழிகாட்டியாக இருக்கிறது, ஆனால் அது எல்லா நங்கூரத்தையும் கழற்றிவிடும். ஒன்றை மட்டும் கழற்றுவதுதான் கடினம். எல்லாவற்றுக்கும் கைப்பிடி ஒன்றாயிற்றே.

கடைசியாகப் பாடநூல் படத்துக்கே சோதனை வந்தது. சைக்ளிக் ஏஎம்பி வந்ததும் வினையூக்கி அலகு பிரிந்து மிதந்து போய்விடுகிறது என்றால், நங்கூரத்தால் என்ன லாபம்? கட்டுப்பாட்டு அலகுதானே கட்டப்பட்டிருக்கிறது. வேலை செய்பவன் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடுகிறானே. 2017இல், அப்போது சியாட்டிலில் இருந்த ஸ்காட்டின் குழு இதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. ஏகேஏபி79ஓடு சேர்ந்த முழுக் கூட்டத்தையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனித்தனித் துகள்களாகப் பார்த்தார்கள். இலக்கிலிருந்து 150 முதல் 250 ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள், அதாவது 15 முதல் 25 நானோமீட்டருக்குள், பிகேஏ கட்டுண்டு கிடக்கிறது. சைக்ளிக் ஏஎம்பி ஏறிய பிறகும் கூட்டம் கலையவில்லை; கலையாமலே வேலை செய்கிறது என்றார்கள். 1970களிலிருந்து எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் அம்புக்குறியை அழிக்கச் சொல்லும் முடிவு இது.

அதே ஆண்டு போர்ட்லாந்தில், ஏகேஏபி79ஐ முதலில் விவரித்த அதே வோலம் நிறுவனத்திலிருந்து ஹைனிங் சோங்கின் குழு வேறு மாதிரிச் சொன்னது. நரம்புச் செல்லில் வினையூக்கி அலகு விடுபடத்தான் செய்கிறது, ஆனால் தன் தலையில் இருக்கும் கொழுப்பு அமிலத்தால் பக்கத்துச் சவ்வில் போய் ஒட்டிக்கொள்கிறது, அதனால் தூரம் போவதில்லை என்பது அவர்கள் கணக்கு. விடுபடவே இல்லை என்று ஒரு கட்சி. விடுபட்டு அங்கேயே நிற்கிறது என்று மறு கட்சி. எங்கோ மிதந்து போகிறது என்று சொல்ல மட்டும் இரண்டு பக்கமும் ஆளில்லை.